விதைக்கென்று எடுத்துவைத்தது

எடுத்துவைப்பவர்களை அடையாளம் காண்பது சுலபம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபிரிட்ஜைப் பாருங்கள். வாங்கிப் பல வருஷம் ஆகியிருக்கும். ஆனால் கதவில் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாளை இன்னும் உரித்திருக்க மாட்டார்கள். அது ஓரம் சுருண்டு, மஞ்சள் பூத்து, உள்ளே எறும்பு குடியேறி, பார்க்கச் சகிக்காமல் தொங்கும், இருந்தாலும் அடியில் இருக்கிற ஃபிரிட்ஜ் புதுசாகவே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு ஒரு நிம்மதி. சோபாவில் உட்கார்ந்தால் உறை சரசரக்கும். டீ வருவது காது உடைந்த கப்பில். நல்ல கப்புகள் எங்கே? அலமாரியில், கடையில் கொடுத்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. யார் வந்தால் வெளியே எடுப்பார்கள்? அந்த விருந்தாளி இன்னும் பிறக்கவில்லை.

இவர்களைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் வாங்கவே மாட்டான். எடுத்துவைப்பவர் தேடித் தேடி, இருப்பதில் உயர்ந்ததாகப் பார்த்து வாங்குவார். வாங்கியதைப் பயன்படுத்தத்தான் அவருக்கு மனசு வராது. சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. ஒரு பொருளைத் துடைத்து, உலர்த்தி, துணி சுற்றி, பை போட்டு, பைக்கு மேல் பை போட்டு, பரணில் ஏற்றுவதற்கு அவர் படுகிற பாட்டில் இன்னொருவர் ஒரு வீடே கட்டிவிடுவார். அவருக்கு நாளையின் மேல் அப்படி ஒரு மரியாதை. இன்றைக்கு என்பது அவர் கணக்கில் காது உடைந்த கப்தான்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் ராஜபாளையத்துக்கு வர வேண்டும். ஜெபக்குமார் அங்கே ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கைக்கடிகாரத்தை பீரோவில் வைத்துவிட்டு, சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஷிப்டுக்கு ஓடுகிறவர். மில்லில் அவரை மிஞ்ச ஆளில்லை. நூல் அறுகிற சத்தத்தைத் தூரத்திலிருந்தே கேட்டுவிடுவார். அவருக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. மில்லுக்கு வேண்டிய லினன் நார் முழுக்கக் கப்பலில் வந்துகொண்டிருந்தது. நம்ம ஊரில் நூற்கத் தெரியும், நெய்யத் தெரியும், அந்தச் செடியை விளைவிக்க மட்டும் ஏன் தெரியாமல் போனது என்று டீக்கடையில் அவர் கேட்காத நாள் கிடையாது. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன சிநேகிதர் ராம்குமார், வடக்கே வேலையாகப் போனவர், திரும்பி வரும்போது ஓர் ஊறுகாய் பாட்டில் நிறைய அந்தச் செடியின் விதை, ஆளி விதை, கொண்டுவந்து கொடுத்தார். கடையில் எடை போட்டு விற்கிற, எண்ணெய்க்கும் பொடிக்கும் ஆகிற குட்டை ரகம் அல்ல. நாருக்கென்றே நெட்டுக்கு வளர்கிற ரகம். பளபளவென்று, தொட்டால் விரலிலிருந்து வழுக்கி ஓடியது.

அந்த மாதம்தான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பல வருஷம் காத்திருந்து பிறந்த குழந்தை. மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சர்ச் வாசலில் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டார்: பிள்ளையின் ஞானஸ்நான உடுப்பு இந்த மண்ணில் விளைந்து, இந்த ஊரில் நூற்று, இந்த ஊர்த் தறியில் நெய்த லினனாகத்தான் இருக்கும், பிள்ளைக்கு வைக்கப்போகிற பெயரையும் அன்றைக்குத்தான் வெளியே சொல்வார். அதுவரை பெயர் தன் மனசிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்றார். மனைவி பியூலாவுக்கும் அது அழகான யோசனையாகப் பட்டது. பாவம், பிரசவ அசதி.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து, பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று பெயர் கொண்ட பெருமாள் மலைக்கோயிலுக்குப் போகிற பாதையில் பியூலாவுக்கு அப்பா வழியில் வந்த நிலம் கொஞ்சம் இருந்தது. கார்த்திகை மழை ஓய்ந்த ஈரத்தில் அங்கே விதைத்தார்கள். நெருக்கி விதைத்தால்தான் கிளை விடாமல் நெட்டுக்கு வளரும் என்று கேள்விப்பட்டு நெருக்கியே விதைத்தார்கள். வளர்ந்தது. தையில் பூத்தது. காலையில் நிலம் முழுக்க நீலம், மத்தியானத்துக்குள் இதழெல்லாம் உதிர்ந்து பச்சை. ஜெபக்குமார் ஷிப்டு மாற்றிக்கொண்டு போய் வரப்பில் நின்று பார்த்தார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

இந்தச் செடியில் ஒரு சங்கடம் உண்டு. நார் வேண்டுமென்றால் தண்டின் அடி மஞ்சளாகி, காய் இன்னும் பாதிப் பச்சையாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். காய் முற்றி, உள்ளே விதை கலகலக்கும்வரை விட்டால் நல்ல விதை கிடைக்கும். ஆனால் தண்டு விறகாகிவிடும், நார் முரடாகிவிடும். ஆகவே புத்தியுள்ளவர்கள் ஓர் ஓரத்தை விதைக்கு விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடுங்கிவிடுவார்கள். ஜெபக்குமாருக்கு இது தெரியாதா? அவர்தான் ஊருக்கே விளக்கிச் சொன்னவர். மாசி பிறந்ததும் பிடுங்குவதற்கென்றே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் இறங்கினார். விதைக்கு நல்ல செடியாகப் பார்த்து விட வேண்டும் அல்லவா? பார்த்தார். எதிரில் இருந்த செடி நல்ல செடி. பக்கத்துச் செடி அதைவிட நல்ல செடி. கொஞ்சம் மட்டமான செடியாக ஒன்று கிடைத்தால் அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வயல் முழுக்கத் தேடினார். பொழுது சாய்ந்ததுதான் மிச்சம். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அந்த வருஷம் மொத்தமும் விதைக்குப் போயிற்று. விதையைக் காயவைத்து, வேப்பிலை போட்டு, துணிப்பையில் கட்டி, பையைத் தகர டின்னில் போட்டு, டின்னை டிரம்மில் இறக்கி, டிரம்மைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, கட்டிலில் தாமே படுத்துக்கொண்டார். முற்றிப்போன தண்டை ஊறப்போட்டு உரித்ததில் தேங்காய் நாருக்குத் தம்பி போல ஒன்று வந்தது. அதை முறுக்கி, வளர்த்து வந்த ராஜபாளையம் நாய்க்குக் கயிறு செய்தார். உள்ளூர் லினனை முதலில் அணிந்த ஜீவன் அதுதான்.

அடுத்த வருஷம் விதை நிறைய இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் மண்ணில் போட்டுவிட முடியுமா? மழை பெய்து கெடுத்தால்? பாதியை டிரம்மிலேயே விட்டுவிட்டு மீதியை விதைத்தார். மாசியில் மறுபடி வேட்டியை மடித்துக் கட்டினார், மறுபடி இறக்கிவிட்டார். இந்த முறை காரணம் வேறு. பிள்ளை வளர்ந்துவிட்டது. கைக்குழந்தைக்கு ஒரு கைத்துண்டளவு துணி போதும், நடக்கிற குழந்தைக்குப் போதாது. துணி கூட வேண்டுமென்றால் செடி கூட வேண்டும், செடி கூட வேண்டுமென்றால் விதை கூட வேண்டும், விதை கூட வேண்டுமென்றால் இந்த வருஷம் பிடுங்கக் கூடாது. இதில் எங்கே பிழை கண்டுபிடிப்பீர்கள்? ஒரு நூற்பாலை சூப்பர்வைசர் போட்ட கணக்கு. அதற்கடுத்த வருஷம் பிள்ளை இன்னும் உயரமாகியிருந்தது. கணக்கும் அதோடு சேர்ந்து வளர்ந்தது.

அதுவரை அந்தப் பிள்ளைக்குப் பெயர் பாப்பா. பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடம் காலி. தடுப்பூசி போடுகிற நர்ஸ் எழுதியது பாப்பா. ஞானஸ்நானம் ஆகாமலேயே அது ஞாயிறுதோறும் சர்ச்சுக்கு வந்து, முன்வரிசையில் நின்று, பெரியவர்களைவிடச் சத்தமாகப் பாடியது. போதகர் நல்ல மனிதர். வருஷத்துக்கு ஒரு முறை மட்டும், செடி எப்படி இருக்கிறது என்று கேட்பார். நாய்களை வைத்து வேறு கேலி செய்தார்கள். தெருவிலிருக்கிற ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஜெபக்குமார் மகளுக்குத்தான் இல்லை என்று ராம்குமாரே சொல்லிவிட்டார். பியூலா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பிறகு பள்ளிக்கூடம் வந்தது. ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். பெயர் எழுதின சான்றிதழ் இல்லாமல் சேர்க்க முடியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பெயரை மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று பியூலா கேட்டுப் பார்த்தாள். சர்ச்சில் வாக்குக் கொடுத்ததை மாற்ற முடியுமா என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். அந்த வருஷ மாசியில் செடியின் அடி மஞ்சளானதும் பியூலா பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, இந்த வருசமாவது பிடுங்கிருவோமா?"

"பிடுங்கத்தான் போறேன். செத்தப் பொறு, காய் முத்திக்கிடட்டும்."

"காய் முத்துனா நாரு வராதுன்னு நீங்கதான சொன்னிய."

"நாரு அடுத்த வருசமும் வரும்லா."

"அடுத்த வருசம் அவ கவுன் கேக்க மாட்டா. தாவணி கேப்பா."

ஜெபக்குமார் தாவணிக்கு எம்புட்டு விதை வேண்டியிருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்ததை அவர் முகத்திலேயே பியூலா பார்த்துவிட்டாள். 

அவர் காலை ஷிப்டுக்குப் போன ஒரு நாள், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கிற தன் அக்கா கிருபாபாயை அழைத்துக்கொண்டு நிலத்துக்குப் போனாள். என்ன செய்ய வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வருஷா வருஷம் ஜெபக்குமார் வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கியதில் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பாடம் மனப்பாடம். கிழக்கோரத்தில் இருப்பதிலேயே நல்ல செடிகளாகப் பார்த்து, சுற்றிலும் குச்சி நட்டு, பாப்பாவின் சிவப்பு ரிப்பனைக் கட்டினாள். மிச்சத்தை அக்காவும் தங்கையுமாகப் பிடுங்கினார்கள். வேரோடு, மண்ணை உதறி, கை கையாக அடுக்கினார்கள்.

ஷிப்டு முடிந்து நேரே வயலுக்கு வந்த ஜெபக்குமார் வரப்பில் அப்படியே நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்த கிருபாபாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானாள். அவருக்குக் கோபம் வரவில்லை.  வெறும் மண்ணைப் பார்த்தார், அடுக்கிய கட்டுகளைப் பார்த்தார், ரிப்பன் கட்டிய ஓரத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"விதைக்கு வேணுங்கறது அந்தா நிக்கு," என்றாள் பியூலா. "பிள்ளைக்கு வேணுங்கறத நான் எடுத்துக்கிட்டேன்."

அவர் ரிப்பனைத் தொட்டுப் பார்த்தார். முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார். இனத்தின் குணம் துக்கத்திலும் மாறாது.

கட்டுகளை நிலத்துத் தொட்டியில் ஊறப்போட்டார்கள். சனிக்கிழமை மலைக்கோயிலுக்குப் போனவர்கள் அந்த இடம் வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்கள். ஊறியதைக் காயவைத்து, கட்டையால் தட்டி, சக்கை உதிர்த்து, சீப்பால் வாரியதைக் கிருபாபாய் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து பார்த்தாள். நீளமாக, வெளிறிய பொன் நிறத்தில், வாரி முடித்த கூந்தலாட்டம் கையில் கிடந்தது. அவள் வீட்டில் ராட்டை இருந்தது. விரலைத் தண்ணீரில் நனைத்து நனைத்து நூற்றாள். ஜெபக்குமார் முதலில் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு வாசலில் நின்று நூலுக்கு முறுக்கு பத்தாது என்றார். பிறகு உள்ளே வந்தார். பிறகு மதினியை எழுப்பிவிட்டுத் தாமே உட்கார்ந்துவிட்டார். மில்லில் ஓடுகிற ஆயிரம் கதிருக்குப் பதில் சொல்கிறவர், ஒற்றைக் கதிரின் முன்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்ததைப் பார்த்து பியூலாவுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

செட்டியார்பட்டியில் காமராஜ் என்பவர் தறி வைத்திருந்தார். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிறவர். நூலை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்துவிட்டு, நெடுக்கே ஓடுகிற பாவுக்கு இது தாங்காது அண்ணாச்சி, பாவு பருத்தியில் போட்டு, குறுக்கே ஓடுகிற ஊடைக்கு இதை ஓட்டிக்கொள்வோம் என்றார். புண்ணுக்குச் சுற்றுகிற துணியே நெய்து பழகிய தறிக்கு இது ஒரு மாறுதலாக இருக்கும் என்றும் சொன்னார். பாப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்ததும் கவுன் முழங்காலுக்குக் கீழே வரைக்கும் வந்தது. சுத்த வெள்ளை இல்லை, பால் நிறம். அங்கங்கே நூல் தடித்து முடிச்சு தெரிந்தது. கையில் எடுத்தால் குளிர்ந்து கிடந்தது.

ஜெபக்குமார் அதை மோந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அப்போது அவர் கண்ணில் ஓர் ஒளி வந்தது. அந்த ஒளியை பியூலாவுக்கு நன்றாகத் தெரியும். கப்பு வாங்கிய அன்றும், ஃபிரிட்ஜ் வந்த அன்றும் பார்த்திருக்கிறாள்.

"இத எடுத்து வச்சிருவோம்," என்றார். "கடையில ஒரு வெள்ளைக் கவுன் வாங்கிக்கிடலாம். தண்ணி தெளிப்பாக, கூட்டத்துல ஆளாளுக்குத் தூக்குவாக, கறை பட்டுட்டுன்னா?"

கிருபாபாய் தங்கையைப் பார்த்தாள். பியூலா நிதானமாக, வச்சிக்கிடுங்க என்றாள். ஒரு மல் துணியும் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதில் சுற்றி, பை போட்டு, டின்னில் போட்டு, டிரம்மில் இறக்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் முடிவெட்டிக்கொள்ளப் போனார்.

ஞானஸ்நானம் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாக வந்தவர் காமராஜ். தன் தறியில் நெய்தது பிள்ளை மேல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். ராம்குமார் குடும்பத்தோடு வந்தார். போதகரே ஆள் அனுப்பியிருந்தார்: பிரசங்கத்தில் அந்த உடுப்பைப் பற்றிச் சொல்லப்போவதாக. இத்தனை பேரிடம் கடையில் வாங்கிய கவுனைக் காட்டுவது எப்படி? ஜெபக்குமாருக்கு உச்சி வேர்த்தது. போட்டுத்தான் ஆக வேண்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு டிரம்மைத் திறந்தார். டின்னைத் திறந்தார். வேப்பிலை வாசம் வந்தது. கவுன் இல்லை.

எடுத்துவைப்பவர்களுக்கு இது புதிதல்ல. பத்திரமாக வைத்தது நினைவிருக்கும், வைத்த இடம்தான் நினைவிருக்காது. தாம்தான் இன்னும் பத்திரமான இடத்துக்கு மாற்றியிருப்போம் என்று நினைத்துக்கொண்டு பீரோவைக் கவிழ்த்தார், பரணில் ஏறினார். கப்புகள் வந்தன. கைக்கடிகாரம் வந்தது. கல்யாணப் பட்டு வேட்டி மடிப்பிலேயே இற்று வந்தது. மில்லில் பரிசு கொடுத்த டார்ச் லைட் உள்ளே பேட்டரி கசிந்து வந்தது. விதை டின்கள் வரிசையாக வந்தன. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அவர் வாழாமல் விட்ட வாழ்க்கை முழுக்க உறை பிரிக்காமல் அங்கே பரப்பிக் கிடந்தது. ராம்குமார் ஒரு கப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, நல்ல கப்பாச்சே என்றார்.

சர்ச் மணி அடித்தது. உள் அறைக் கதவு திறந்தது. பாப்பா நின்றது. உடம்பில் கவுன். நெஞ்சில், பெரியம்மா வில்லிபுத்தூரிலிருந்து கொண்டுவந்த பால்கோவா.

"உடுத்துனத எப்படி எடுத்து வைப்பிய?" என்றாள் பின்னாலிருந்து பியூலா.

சர்ச்சில் போதகர் தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். சபை மொத்தமும் தலையை நீட்டியது. ஜெபக்குமாருக்கு வாய் வரவில்லை. பெயர் மறக்கவில்லை, அது மனசில் புத்தம் புதிதாக இருந்தது. அதுதான் தொல்லை. இப்போது சொன்னால் இத்தனை வாயிலும் விழுந்துவிடும். டீச்சர் திட்டுவதற்குக் கூப்பிடுவாள், ரேஷன் கார்டில் தப்பாக அச்சடிப்பார்கள், தெருப்பிள்ளைகள் சுருக்கிக் கூப்பிடும். இன்னும் ஒரு நிமிஷம் உள்ளேயே இருக்கட்டும் என்று நின்றார். போதகர் காத்திருந்தார். கேள்வி தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று பிள்ளை புரிந்துகொண்டது.

"பாப்பா," என்றது, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி.

சர்ச்சே சிரித்தது. ஜெபக்குமார் சிரிக்கவில்லை. தன் மகள் அதைத்தான் தன் பெயர் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சுருக்கென்றது. யாருக்காக எடுத்து வைத்திருந்தோமோ, அவளுக்கே அது போய்ச் சேரவில்லை.

"எப்சிபா," என்றார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார்.

பைபிளில், ஏசாயாவின் ஒரே வசனத்தில், பியூலா என்ற பெயருக்குப் பக்கத்திலேயே நிற்கிற பெயர் அது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற யாருக்கும் தெரியும். ஊரே என்றைக்கோ ஊகித்து வைத்திருந்தது. பியூலாவும்தான். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது அவள் கண் நிறைந்துவிட்டது. தண்ணீர் பிள்ளையின் தலையிலிருந்து வழிந்து கழுத்துப் பட்டியில் இறங்கியது. ஜெபக்குமார் கையை நீட்டித் துடைக்கப் போனார். நனைந்த இடத்தில் அந்தத் துணி இளகி, அவர் நூற்றபோது இருந்ததைவிட மெத்தென்று ஆகியிருந்தது. அதை அவர் மில்லில் கற்றிருக்கவில்லை.

மனிதர் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? கைக்கடிகாரம் கட்டிக்கொள்கிறார். ராம்குமார் வந்தால் நல்ல கப்பில் டீ வருகிறது. மகளைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எப்சிபா என்று கூப்பிடுகிறார்கள்; வீட்டில் அவர் மட்டும் இன்னும் பாப்பா என்கிறார். நல்ல பெயரைத் தினமும் கூப்பிட்டுத் தேய்க்கக் கூடாதாம்.

விதை விஷயத்தில் பியூலா ஒரு சட்டம் போட்டுவிட்டாள். கார்த்திகை விதைப்பு முடிந்த பிறகும் டிரம்மில் ஆளி மிச்சமிருந்தால், அது நாட்டிலேயே கிடைக்காத ரகமாக இருந்தாலும் சரி, பூண்டும் மிளகாயும் சேர்த்து இட்லிப் பொடியாகிவிடும். அதற்குப் பயந்து ஜெபக்குமார் கேட்டவர்களுக்கெல்லாம் கை கையாக அள்ளிக் கொடுக்கிறார். மலையடிவாரத்தில் இப்போது நாலைந்து வயல் தையில் நீலமாக இருக்கிறது. செட்டியார்பட்டித் தறியில் ஊடைக்கு வருஷத்துக்குக் கொஞ்சமாவது உள்ளூர் லினன் ஓடுகிறது. ஒரு டின் காலியாகப் போனாலும் வாங்கிப்போனவர்கள் வயலிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்பதை அவர் மெதுவாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

நீங்களும் போய்க் கேட்கலாம், மறுக்க மாட்டார். கொடுப்பதற்கு முன்னால் மட்டும் ஒரு கேள்வி கேட்பார். உங்களிடம் நிலம் எவ்வளவு, தண்ணீர் உண்டா என்பதெல்லாம் அவருக்கு முக்கியமில்லை.

"உங்க வீட்டு டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கியளா?" என்பார்.

ஆமாம் என்றவர்களை ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார். தன் இனத்தாரை நம்பி அவர் விதை கொடுப்பதில்லை. பஸ் ஏறுவதற்கு முன்னால் ரிமோட்டை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.